கேலியம்ங்கிற, லேசான சூட்டுலயே உருகுற உலோகத்தை வெச்சுச் செய்யுற வினையூக்கியில வேலை பார்த்தவங்க இருக்கீங்களா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

வண்ணாரப்பேட்டை:
ஏழு வருஷம் ஆச்சு, இன்னும் மனசுல கெடந்து அரிக்குது. பாளையங்கோட்டையில ஒரு லேப், ஏ.சி. கிடையாது. மே மாசம். ஃபர்னஸ் 550 டிகிரி, பக்கத்துல நான். ப்ரோப்பேன் வாயுவுல இருந்து ஹைட்ரஜனைக் கழட்டி ப்ரோப்பீன் எடுக்கிற வேலை. இதுல வினையூக்கி மேல கரி படிஞ்சு அதை முடக்கிரும், அதான் தொல்லை. ஒரு குழாயில வழக்கமான பிளாட்டினம்-வெள்ளீயம். இன்னொண்ணுல கேலியத்துல துளி பிளாட்டினம் கரைச்சு அலுமினா (அலுமினிய ஆக்சைடு) மணிகள்ல ஏத்தினது. ஜெர்மனியில எர்லாங்கன் பல்கலைக்கழக ஆராய்ச்சி ஆளுங்க 2017ல பல்லேடியம்-கேலியத்தை வெச்சு பியூட்டேன்ல செஞ்சு காட்டினாங்கல்லா, அதைப் படிச்ச ஆசைதான்.

ரெண்டாவது குழாய் ஆறு மணி நேரம் ஓடி முடியவும் கரண்ட் போயிட்டு. ஆறவெச்சு ரெண்டையும் பிரிச்சேன். முதல் குழாயில இருந்தது உமிக்கரி மாதிரி கொட்டுச்சு, தொட்ட விரல் கறுத்துட்டு. ரெண்டாவது, போட்டப்ப இருந்த அதே சாம்பல் நிறம். ஸ்பேட்டுலாவால ஒரு மணியை வெள்ளைத்தாள்ல வெச்சு நசுக்கினேன். வெள்ளிக் கம்பியை இழுத்து வெச்ச மாதிரி பளபளன்னு ஒரு தீற்றல்.

கைடு சார் பார்த்துட்டு, "கேஸ் லீக் ஆயிருக்கும், வினையே நடந்திருக்காது"ன்னுட்டாங்க. கேலியமும் தீர்ந்துட்டு. திருப்பிச் செய்யவே இல்ல. அந்தத் தாள் மட்டும் என்கிட்ட இருக்கு.

களக்காடு:
கேலியம் உருகுறது 29.76 டிகிரியில. நம்ம ஊர் வெயிலுக்கு மார்ச்லயே குப்பிக்குள்ள தளும்பிக்கிட்டு கெடக்கும். கெட்டியா இருந்தா நிறுக்கச் சுளுவா இருக்குமேன்னு கண்ணாடிக் குப்பியோட ஃப்ரிட்ஜுல வெச்சேன். தண்ணி மாதிரியே இதுவும் உறையும்போது விரியும், 3 சதவீதம். மறுநாள் காலையில குப்பி நெடுக்கப் பிளந்து கெடக்கு, உள்ள உலோகம் குப்பி வடிவத்துலயே நிக்குது. அடியில குப்பியோட எழுத்துகூடத் தலைகீழா பதிஞ்சிருந்துச்சு.

அம்பை:
நாங்க அலுமினியத் தட்டுல ஒரு சொட்டு சிந்திட்டு, துடைச்சுட்டோம்னு விட்டுட்டோம். ரெண்டு நாள் கழிச்சுத் தட்டைத் தூக்குறேன், பாதி கையோட வந்துட்டு. அப்பளம் ஒடிஞ்ச மாதிரி. சத்தம்கூட வரல. அலுமினியத்துக்குள்ள இருக்கிற படிக மணிகளுக்கு நடுவுல ஊறிப்போய், அதுங்க ஒட்டியிருக்கிற பிடிப்பை விடுவிச்சிருது.

மேலப்பாளையம்:
வண்ணாரப்பேட்டை தம்பி, கைடு சொன்னதை முழுசா தள்ளிராதீங்க. ப்ரோப்பேன் மாற்றம், அதாவது உள்ள விட்டதுல எத்தனை சதவீதம் வினையில மாறுச்சுன்னு நீங்க சொல்லவே இல்லையே? வினை குறைவா நடந்தா கரியும் குறைவாத்தான் படியும். நானும் இதே மாதிரி ஒரு "சுத்தமான" மாதிரியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, கடைசியில வால்வு பாதி அடைச்சிருந்ததைக் கண்டுபிடிச்சவன்.

திடமான பிளாட்டினத்துல அணுக்கள் நெருக்கமா இருக்கும். உண்டான ப்ரோப்பீனை விடாமப் பிடிச்சு, மிச்ச ஹைட்ரஜனையும் உருவி, கரியாக்கிரும். வெள்ளீயம் அந்தக் கூட்டத்தைக் கொஞ்சம் விலக்கி வைக்கும், அவ்வளவுதான். அந்தச் சூட்டுல திரவமா இருக்கிற கேலியத்துலயோ பிளாட்டினம் தனித்தனி அணுவா கரைஞ்சு கெடக்கும், மேற்பரப்பும் ஓரிடத்துல நிக்காது. கரிக்குக் காலூன்ற இடம் இல்ல. இதுவரைக்கும் நான் ஒத்துக்கிடுதேன். ஆனா கீழ இருக்கிற அலுமினா அமிலக் குணம் உள்ளது, அதுலயும் கரி வரும். பிளாட்டினத்துக்குப் பதிலா ரோடியம் கரைச்ச கேலியத்துலயே கரி பார்த்து எழுதியிருக்காங்க. "கரியே படியாது"ன்னு யாரும் இதைப் படிச்சுட்டுப் போயிரக்கூடாது.

தென்காசிச் சாரல்:
நான் ஒரே ஒரு தடவை தொட்டேன். விரல் ரேகை எல்லாம் ஈயம் பூசின மாதிரி ஆயிட்டு.

புதுசா செய்யப்போற தம்பி தங்கச்சிங்களுக்குச் சொல்லுதேன். கேலியத்தைப் பிளாஸ்டிக் குப்பியில, மேல இடம் விட்டு வைங்க. நிறுக்க ஃப்ரிட்ஜ் வேணாம், வெந்நியில குப்பியை நிறுத்தி உருக்கி பிளாஸ்டிக் சிரிஞ்சால எடுங்க. உறையணும்னா ஒரு கெட்டித் துணுக்கை உள்ள போடுங்க, இல்லன்னா 25 டிகிரிக்கு வந்தாலும் திரவமாவே கெடக்கும். அலுமினியக் கரண்டி, ஃபாயில் எதுவும் மேசைமேல இருக்கக்கூடாது. கரண்ட் போனா முதல் வேலை ப்ரோப்பேனை அடைச்சு நைட்ரஜன் திறக்கிறது. கரியை எரிக்கக் காத்து விடுறதுக்கு முன்னாலயும் நைட்ரஜன், ஏன்னா குழாய்க்குள்ள ப்ரோப்பேனும் ஹைட்ரஜனும் மிச்சம் இருந்து சூட்டுல காத்தோட சேர்ந்தா வெடிச்சிரும். ப்ரோப்பேன் காத்தைவிடக் கனம், கசிஞ்சா தரையோட தங்கும், மேல மோந்து பார்த்துட்டு ஒண்ணும் இல்லன்னு நினைக்காதீங்க. அப்புறம் வெறும் அலுமினாவை வெச்சு ஒரு ஓட்டம், கேலியம் மட்டும் ஏத்தின அலுமினாவை வெச்சு ஒரு ஓட்டம். இது ரெண்டும் இல்லாம எந்த முடிவும் எழுதாதீங்க.

வண்ணாரப்பேட்டை:
மேலப்பாளையம் அண்ணாச்சி, நீங்க கேட்டீங்கன்னு நேத்து ராத்திரி பரண்ல ஏறி நோட்டை எடுத்தேன். பிளாட்டினம்-வெள்ளீயம்: முதல் மணி நேரத்துல மாற்றம் 24 சதவீதம், ஆறாவதுல 9. கேலியம்: 11ல ஆரம்பிச்சு, கடைசியா ஜி.சி.யில (வாயுக் கலவையைப் பிரிச்சு அளக்கிற கருவி) போட்ட ஊசியில 10. வினை நடந்திருக்கு. பாதியளவுதான், ஆனா நின்னு நடந்திருக்கு. ரெண்டையும் ஒரே மாற்றத்துல வெச்சுத்தான் கரியை ஒப்பிடணும்ங்கிறது நியாயம், நான் அதைச் செய்யல.

5 கிராம் கேலியம் சொந்தக் காசுல வாங்கிட்டேன், பிளாஸ்டிக் குப்பியிலதான் இருக்கு. பாளையங்கோட்டை, நாங்குநேரி பக்கம் குழாய் ஃபர்னஸும் ஜி.சி.யும் ஓடுற காலேஜ் தெரிஞ்சா சொல்லுங்க. சனி, ஞாயிறு வந்துருதேன்.