மறு: 'பக்' என்பதற்குத் தமிழ்ச்சொல்: பந்தா, சில்லா, வட்டா?

குழுவினருக்கு வணக்கம்.

ஐஸ் ஹாக்கியில் மட்டையால் அடித்து எதிரணியின் வலைக்குள் செலுத்தும் தட்டையான வட்டத் துண்டுதான் 'பக்'. அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு முந்தைய மடல்களில் பந்து, சில்லு, வட்டு என்று மூன்று சொற்கள் வந்தன. என் வாக்கு 'வட்டு'க்கே.

பந்து வேண்டவே வேண்டாம். உறைந்த ஏரிகளிலும் குளங்களிலும் பந்தை வைத்து ஆடியதுண்டு. 1875 மார்ச் 3 அன்று மாண்ட்ரியலின் விக்டோரியா சறுக்குக்கூடத்தில் ஜேம்ஸ் கிரெய்டன் அணிக்கு 9 பேர் வைத்து ஆட்டம் நடத்தினார். கூரைக்குள் சுற்றி நிற்பவர்கள் மேல் பந்து எகிறி விழக்கூடாதே என்று, தட்டையான வட்ட மரத்துண்டை இறக்கினார்கள். இன்று அது கெட்டி ரப்பர்: 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிமன், ஏறத்தாழ 170 கிராம். அதையும் உறைய வைத்துத்தான் ஆட்டத்துக்கு எடுக்கிறார்கள். இல்லாவிட்டால் ரப்பர் துள்ளும். துள்ளாமல் வழுக்கிப் போவதுதான் அதன் வேலையே.

'சில்லு' என்ற சொல், ஓட்டுச் சில்லை எறிந்து பாண்டி ஆடியவர்களுக்கு உடனே பிடிக்கும். எனக்கும் பிடித்தது. ஆனால் இந்த ஆட்டத்தை அன்றாடம் பார்க்கும் தமிழர்கள் என்றால் டொராண்டோக்காரர்கள்தான்; அவர்களில் பெரும்பாலோர் ஈழத்தவர். அவர்கள் பேச்சில் சில்லு என்றால் சக்கரம். 'சில்லு வலைக்குள் போனது' என்று எழுதினால் என்ன நினைப்பார்கள்? சொல்லை முதலில் புழங்கப் போகிறவர்களுக்கே அது இடறக் கூடாது.

வன்வட்டு (கணினியின் ஹார்ட் டிஸ்க்), வட்டெறிதல் (டிஸ்கஸ் த்ரோ) என்று 'வட்டு' ஏற்கெனவே வேறு பொருள்களில் இருக்கிறதே என்ற தயக்கம் புரிகிறது. இடம் பார்த்துப் பொருள் கொள்வார்கள், குழப்பம் வராது. 'அரங்கின்றி வட்டாடியற்றே', அதாவது ஆடுவதற்கான கட்டம் வரையாமல் வட்டாடியது போல, என்கிறது குறள் 401. ஆட்டக்காய்க்கு வட்டு என்பது அவ்வளவு பழைய வழக்கு. ஆடுகளத்துக்கும் அங்கேயே சொல் கிடைக்கிறது: பனியரங்கு.

கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன. எதிரெதிரே நிற்கும் இருவருக்கு நடுவே நடுவர் வட்டைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கும் 'ஃபேஸ்-ஆஃப்' வட்டிடல். எதிரணியின் பகுதி தொடங்கும் இடத்தைக் காட்டும் 'ப்ளூ லைன்' நீலக்கோடு என்றே இருக்கட்டும். வட்டுக்கு முன்னால் தாக்குபவர் அந்தக் கோட்டைக் கடந்துவிடும் 'ஆஃப்சைடு'க்குக் நம் குழுவின் கால்பந்துச் சொற்பட்டியலில் முடிவாகும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம்.

சிக்கல் 'ஐசிங்'. தன் பாதியிலிருந்து ஒருவர் அடித்த வட்டு யார் மேலும் படாமல் எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டினால், ஆட்டத்தை நிறுத்தி, அடித்த அணியின் பக்கத்திலேயே வட்டிடுவார்கள். 'பனியாக்கம்' என்றால் இதில் எதுவுமே விளங்காது. 'நெடுந்தள்ளல்' எப்படி? ஓர் அணியின் 6 பேரில் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும்போது அந்த அணிக்கு மட்டும் இது தவறில்லை. அதையும் விளக்கத்தில் சேர்க்க வேண்டும். இதைவிடக் குறுகிய சொல் தோன்றினால் எழுதுங்கள்.