வீட்டைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கு, உதவி மையத்துக்குப் போனா உண்மையிலேயே ஏதாவது நடக்குமா?

தூங்காத_பூனை:
எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா இங்க படிக்கிறதோட சரி, எழுதுறது இதான் ஃபர்ஸ்ட். என் தம்பிக்கு வேலை போய் நாலு மாசம் ஆச்சு, வீட்ல யார்கிட்டயும் மூச்சு விடல. போன வாரம் அவனைப் பாக்கப் போனேன், ஃப்ரிட்ஜ் மேல ஒரு பிளாஸ்டிக் கவர் கட்டி வெச்சிருந்தான், என்னடான்னு பிரிச்சா உள்ள 11 லெட்டர், ஒண்ணு கூட கிழிக்கல. மேலாப்புல இருந்ததை மட்டும் பிரிச்சுப் பாத்தேன், வாடகை மூணு மாசம் பாக்கி, காலி பண்ணுன்னு ஓனர் நோட்டீஸ். இவன் என்னடான்னா "அசிங்கப்பட்டு வெளிய போறதுக்கு நானே சாவியைக் குடுத்துட்டு மானமா போயிடறேன்க்கா"ங்கறான். வீடு போற நிலைமைல இருக்கறவங்களுக்கு உதவி பண்ற மையம் இருக்காமே, அங்க பணம் தருவாங்களா, இல்ல சும்மா அட்வைஸ்தானா? சாவியைக் குடுக்கறது சரியா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ், ரெண்டு நாளா தூக்கமே இல்ல.

பழைய_ஃபைல்:
இந்த மாதிரி மையத்துல ஆறு வருஷம் குப்பை கொட்டினவன், அதனால கொஞ்சம் நீளமா வரும். கடைசிக் கேள்விக்கு முதல்ல. சாவியைக் குடுக்க வேணாம். நோட்டீஸ் வந்துச்சுன்னா இன்னிக்கே தெருவுக்கு வரணும்னு அர்த்தம் இல்லம்மா, முக்கால்வாசி நாடுகள்ல நோட்டீஸுக்கு அப்புறம் கேஸ், கேஸுக்கு அப்புறம் ஆர்டர், அதுக்கும் அப்புறம்தான் ஆள் வந்து பூட்டு மாத்துறது, ஒவ்வொரு படியிலயும் கொஞ்சம் நாள் கிடைக்கும், அந்த நாள்லதான் எங்க வேலையே. தானா வெளிய போயிட்டா அவ்வளவும் போச்சு. இங்கிலாந்து மாதிரி இடத்துல "நீயாத்தான் வீட்டை விட்டே"ன்னு எழுதிட்டாங்கன்னா அப்புறம் கவுன்சில்ல, அதாவது உள்ளூராட்சில, வீடு கேக்கறதே சிக்கல்.

மையத்துல என்ன பண்ணுவாங்கன்னா, முதல்ல அந்தக் கவரை அப்படியே டேபிள்ல கொட்டச் சொல்வாங்க. நான் எத்தனை கவர் கொட்டியிருக்கேன்னு கணக்கே இல்ல. எல்லாத்தையும் பிரிச்சு தேதி வாரியா அடுக்குவோம், நோட்டீஸ் முறைப்படி குடுத்திருக்காங்களா, நாள் சரியா விட்டிருக்காங்களான்னு பாப்போம், தப்பான நோட்டீஸ் நிறையவே வரும். அப்புறம் வரவு செலவு ஒரு ஷீட்ல. அதுல அவருக்கே தெரியாம விட்டுப்போன அரசு உதவி ஏதாவது தட்டுப்படும். அதுக்கப்புறம் அவரைப் பக்கத்துல உக்கார வெச்சு ஸ்பீக்கர்ல போட்டு ஓனருக்கு போன், யார் பேசினா, எந்தத் தேதி, என்ன ஒத்துக்கிட்டாங்கன்னு அங்கயே எழுதி அன்னிக்கே ஒரு மெயிலும் போட்டுடுவோம்.

பணம்? சில இடத்துல பாக்கியைத் தீர்க்க ஃபண்ட் இருக்கும், ஆனா பெரும்பாலும் கையில தர மாட்டாங்க, நேரா ஓனர் கணக்குக்குப் போகும், மறுபடி வாடகை கட்ட ஒரு வழி இருக்கான்னும் பாப்பாங்க. அதைவிட அதிகமா காப்பாத்துறது தவணை ஏற்பாடுதான். இதுல எல்லாரும் பண்ற தப்பு, பயத்துல பெரிய தொகைக்குத் தலையாட்டிட்டு ரெண்டாவது மாசமே தவறிடறது. தவறின தவணைக்குக் கட்டாத வாடகையே தேவலாம்னு ஓனருக்குத் தோணிடும். சின்னதா சொல்லுங்க, சொன்னதைக் கட்டுங்க.

நாடோடி_கணக்கு:
அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன், எந்த ஊர்னு நீங்க போடல, சட்டம் இடத்துக்கு இடம் மாறும். ஆனா சீக்கிரம் போறவங்களுக்குத்தான் உதவிங்கறது பல இடத்துல பொது. இங்கிலாந்துல முன்னாடி 28 நாள்ல வீடு போகும்னாதான் கவுன்சில் ஃபைலைத் தொடும், 2017ல போட்ட சட்டம் 2018 ஏப்ரல்ல அமலுக்கு வந்ததுல இருந்து அது 56 நாள். அங்கயும் வேல்ஸ்லயும் 2021 மே மாசத்துல இருந்து கடன் ஆலோசகர் மூலமா 60 நாள் அவகாசம் வாங்கலாம், பழைய பாக்கிக்காக அந்த நாள்ல நெருக்க முடியாது, ஆனா நடப்பு வாடகையைக் கட்டிட்டே இருக்கணும், இதைப் பலர் மறந்துடறாங்க. ஜெர்மனில வாடகை பாக்கின்னு காலி பண்ணச் சொல்லி கேஸ் போட்டா கோர்ட்டே உள்ளூர் நல உதவி அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பிடும், ஆள் வெக்கப்பட்டு உள்ளயே உக்காந்திருந்தாலும் அவங்க தேடி வர வழி இருக்கு. நியூயார்க் நகரத்துல 2017ல இருந்து வருமானம் கம்மியா உள்ள வாடகைதாரருக்கு இலவச வக்கீல்னு சட்டமே உண்டு. அதனால முதல்ல உங்க ஊர்ல இலவச சட்ட உதவி எங்கன்னு தேடுங்க.

வாடகைக்கு_விட்டவன்:
திட்டாதீங்க, நான் ஓனர் கட்சி 😅 ஒரே ஒரு வீடு, அதுக்கும் லோன் ஓடுது. என் வீட்ல இருந்தவர் மூணு மாசம் போனே எடுக்கல, பணம் வராததை விட அந்த போன் எடுக்காததுதான் எனக்குக் கோவம், ஏமாத்துறார்னே முடிவு பண்ணிட்டேன். அப்புறம் ஒரு மையத்துல இருந்து ஒரு அம்மா பேசினாங்க, அவருக்கு ஆபரேஷன் ஆனதே அப்பத்தான் எனக்குத் தெரியும். கேஸ் போட்டா எனக்கும் செலவு, வீடு காலியாக் கிடந்தா எனக்கும் நஷ்டம், கணக்குப் போட்டுப் பாத்துட்டு தவணைக்கு ஒத்துக்கிட்டேன். தம்பியை ஒரு மெசேஜாவது போடச் சொல்லுங்க, "வேலை போச்சு, இந்தத் தேதிக்குள்ள பேசறேன்"னு ரெண்டு வரி போதும்.

ராத்திரி_ஷிப்ட்:
எல்லாரும் நல்லதாவே சொல்றீங்க, நான் அனுபவிச்சதையும் சொல்றேன். நாங்க போன இடத்துல போன் லைன் கிடைக்கவே மூணு நாள், கிடைச்ச அப்புறமும் பாட்டைக் கேட்டுக்கிட்டே ஒரு மணி நேரம். எங்களைப் பாத்த பொண்ணு தங்கம், ஆனா அவ தலைல அத்தனை கேஸ். வீடு தங்கல. ஆனா கோர்ட்ல அவ கூட வந்து நின்னதால அஞ்சு வாரம் கிடைச்சது, பொண்ணு பரீட்சையை அதே வீட்ல இருந்து எழுதி முடிச்சா, அடுத்த வீட்டு அட்வான்ஸுக்கும் அவளே ஒரு ஃபண்டுக்கு எழுதிப் போட்டா. வீட்டைக் காப்பாத்திடுவாங்கன்னு மட்டும் நினைச்சுப் போகாதீங்க, சிஸ்டர். நீங்க கூடப் போங்க, தனியா அனுப்பினா வாசல் வரைக்கும் போய்ட்டு திரும்பிடுவான், நானே ரெண்டு தடவை அப்படித் திரும்பினவன்தான்.

தூங்காத_பூனை:
எல்லாருக்கும் நன்றி, படிச்சுட்டு கொஞ்சம் அழுதுட்டேன். நேத்து ராத்திரி தரைல உக்காந்து மீதி 10 கவரையும் பிரிச்சோம், அவன் கிழிக்க நான் தேதி பாத்து அடுக்க. கோர்ட் லெட்டர் இன்னும் எதுவும் இல்ல. அதுல ஒண்ணு அவன் பழைய கம்பெனி அனுப்பினது, கடைசி செட்டில்மென்ட் பணம் போட பேங்க் விவரம் கேட்டு ரெண்டு மாசம் முன்னாடியே எழுதியிருக்காங்க! அதைப் பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. ஓனருக்கு ரெண்டு வரி மெசேஜ் போட்டாச்சு, ப்ளூ டிக் வந்திருக்கு, பதில் இன்னும் வரல. வியாழக்கிழமை மையத்துல அப்பாயின்ட்மென்ட், நானும் லீவ் போட்டுட்டேன்.

பழைய_ஃபைல்:
பேங்க் விவரத்தை இன்னிக்கே அனுப்பச் சொல்லுங்க, வியாழன் வரைக்கும் வைக்காதீங்க. அந்த லெட்டரையும் கையோட எடுத்துட்டுப் போங்க, ஓனர்கிட்ட பேசும்போது அதுதான் பெரிய துருப்பு. வாடகை ஒப்பந்தம், கடைசி சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் மூணு மாசத்துக்கு. சாவி எங்க இருக்கு இப்போ?

தூங்காத_பூனை:
என் ஹேண்ட்பேக்ல 🙂