பிளன்ட் டிராமா: ‘மழுங்கிய காயம்’ வேண்டாமே

> பிளன்ட் டிராமா = மழுங்கிய காயம்
> மினிமலி இன்வேசிவ் சர்ஜரி = குறைந்தபட்ச ஊடுருவல் அறுவை

வணக்கம். மருத்துவச் சொற்களுக்காக நீங்கள் குழுவில் முன்வைத்த, மேலே உள்ள இரண்டு தமிழாக்கங்களைப் பற்றித்தான் இது. பிளன்ட் டிராமா (blunt trauma) என்பது கூரில்லாத பொருள் இடிப்பதால் வரும் அடி அல்லது காயம்.

கத்தி மழுங்கும் ஐயா, காயம் எப்படி மழுங்கும்?

நீங்கள் எடுத்துக்காட்டாகச் சொன்ன, குழந்தைகளின் கணையத்தில் படும் அடியையே எடுத்துக்கொள்வோம். சைக்கிளிலிருந்து விழும் பிள்ளையின் மேல்வயிற்றில் ஹேண்டில்பார் முனை இடிக்கிறது. கணையம் முதுகெலும்புக்கு முன்னால் குறுக்கே கிடக்கிறது. (கோட்டைக் கதவுக்குக் குறுக்கே போடுவதும் கணையமரம்தான்; நல்ல பொருத்தம்.) இடித்த வேகத்தில் அது எலும்போடு நசுங்கி, சில சமயம் இரண்டாகவே அறுந்துவிடும். வெளியே வட்டமாகக் கன்றிப்போன ஒரு தடம், அதுவும் இருந்தால் உண்டு. முதல் சில மணி நேரத்தில் ரத்தத்தில் அமைலேஸ் (கணையம் சுரக்கும் ஒரு நொதி) அளவுகூடச் சரியாகவே இருக்கலாம். வலியும் வாந்தியும் அப்புறம்தான் வலுக்கும்.

இதற்கு ஊரில் ஏற்கெனவே சொல் இருக்கிறது: ஊமையடி. ஊமைக்காயம் என்றும் சொல்வோம். ஆனால் அடி காரணம், காயம் விளைவு. ‘டிராமா’ என்ற ஆங்கிலச் சொல் இரண்டையும் குழப்பிக்கொள்கிறது, நாம் ஏன் குழப்ப வேண்டும்? ‘ஊமையடியால் கணையச் சிதைவு’ என்று எழுதினால் பிள்ளையின் பாட்டிக்கும் புரியும். ‘ஊமை’ சிலரைப் புண்படுத்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘உள்ளடி’ என்று மாற்றிப் பார்த்தேன், கட்சி அரசியல் வாடை அடிக்கிறது!

அடுத்தது, மினிமலி இன்வேசிவ் (minimally invasive) என்பதற்கான ‘ஊடுருவல்’. உடலைப் பெரிதாகக் கிழிக்காமல் செய்யும் சிகிச்சை அது. எல்லைப்புறச் செய்தி படிப்பதுபோல இருக்கிறது. ‘நுண்துளை’ பழகிய சொல்தான். ஆனால் குழந்தைகளுக்குச் செலுத்தும் குழல்கள் பெரும்பாலும் 3 முதல் 5 மில்லிமீட்டர். கண்ணுக்கு நன்றாகவே தெரியும் துளைக்கு ‘நுண்’ எதற்கு? வயிற்றில் சிறு துளைகளிட்டு, கேமராக் குழலை விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பிக்குச் ‘சிறுதுளை அறுவை’ போதும். கணையத்தின் அறுந்த வால்பகுதியை மட்டும் எடுத்து மண்ணீரலை விட்டுவைப்பதை ‘மண்ணீரல் காக்கும் சிறுதுளைக் கணையவால் நீக்கம்’ எனலாம். நீளம்தான், ஆனால் ‘காக்கும்’ அவசியம்; மண்ணீரல் போன குழந்தைக்குக் கடும் நோய்த்தொற்று அபாயம் உண்டு.

சிக்கல் வேறிடத்தில். வாய்வழியே எண்டோஸ்கோப்பை (கேமரா பொருத்திய வளையும் குழல்) விட்டுக் கணைய நாளத்தில் ஸ்டென்ட் (சிறு குழாய்) வைக்கிறார்கள். அதில் வயிற்றில் துளையே கிடையாது, ஆனாலும் இதையும் மினிமலி இன்வேசிவ் வகையில்தான் சேர்க்கிறார்கள். ஆகவே இரண்டுக்கும் பொதுவாகச் ‘சிறுவழிச் சிகிச்சை’ என்று வைத்து, அதன் கீழே சிறுதுளை அறுவையைப் போடலாமா? குழுவில் உள்ள மருத்துவர்கள் நோயாளியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.