ஸ்ப்ளெண்டர் மலை ஏற மாட்டேங்குது: போரா, கிளட்ச் பிளேட்டா?

காரவள்ளிக்காரன்:
வணக்கங்க. அப்பா 2003ல வாங்கின ஸ்ப்ளெண்டர் பைக். இன்னிவரைக்கும் இன்ஜின்ல கை வெச்சதில்ல. நாமக்கல்லுக்குள்ள ஓட்டுறப்ப பெருசா குறை தெரியாது. போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரியை உக்கார வெச்சு காரவள்ளி வழியா கொல்லிமலை ஏறினேன். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. முதல் இருபது நல்லாத்தான் போச்சு. அதுக்கப்புறம் ரெண்டாவது கியர்ல முறுக்கினா இன்ஜின் அலறுது, வண்டி மட்டும் மாட்டு வண்டி மாதிரி நகருது. நாப்பதாவது வளைவு கிட்ட அவ இறங்கி நடக்கவே ஆரம்பிச்சுட்டா. அரை மணி நேரம் மரத்தடியில நிறுத்தி எடுத்தா கொஞ்சம் தேவலை. ஒருவழியா மலை மேல சோளக்காடு போய்ச் சேர்ந்தோம்.

ஒரு மெக்கானிக் "போர் (பிஸ்டன் ஓடுற சிலிண்டரோட உள்சுவர்) தேஞ்சுபோச்சு, பிஸ்டனோட மாத்தணும், 9,000 ஆகும்"னு சொல்றார். இன்னொருத்தர் கிளட்ச் கேபிளை நல்லா டைட் வெச்சு விட்டார், இப்ப முன்னைவிட மோசம். புகை கிடையாது, ஆயில் குறையல. லிட்டருக்கு 60 குடுத்த வண்டி இப்ப 50 தாண்டல. யார் சொல்றதைக் கேக்குறது?

பழைய ஸ்பேனர்:
தம்பி, 9,000 ரூபாயை பையிலயே வெச்சுக்கோங்க. உங்க எழுத்துலயே பாதி பதில் இருக்கு. போர் போன வண்டிக்கு மேட்டுல சத்தமே ஏறாது, முக்கி முக்கி அடங்கிடும். சத்தம் ஏறி வண்டி ஏறலைன்னா, இன்ஜின் குடுக்குற இழுவை வீலுக்குப் போய்ச் சேரல. நடுவுல ரெண்டையும் இணைக்கிற கிளட்ச் வழுக்குது. சூடு ஏறினதும் அதிகமாகி, ஆறினதும் குறையுதுன்னா அது இன்னும் கிளட்ச் பக்கம்தான் கை காட்டுது.

சந்தேகத்துக்கு ஒண்ணு செய்ங்க. காலியான சமதளமான ரோட்டுல நாலாவது கியர்ல 35ல போய்க்கிட்டே ஆக்ஸிலேட்டரை ஒரேயடியா முறுக்குங்க. இன்ஜின் சுத்துற வேகம் காட்டுற ஆர்பிஎம் மீட்டர் உங்க ஸ்ப்ளெண்டர்ல இல்ல, காதுதான் மீட்டர். சத்தமும் ஸ்பீடு மீட்டர் முள்ளும் சேர்ந்து மெதுவா ஏறினா கிளட்ச் பிடிக்குது. சத்தம் மட்டும் சட்டுனு தாவி, முள்ளு அப்புறமா நகர்ந்தா வழுக்குது. கூடவே டக் டக்னு குலுங்குச்சுன்னா செயினையும் ஸ்ப்ராக்கெட் பல்லையும் பாருங்க, அது வேற நோய்.

இப்ப அந்த கேபிள் சமாச்சாரம். கிளட்ச் லிவர் நுனியில 10லருந்து 20 மில்லிமீட்டர் வரைக்கும் சும்மா ஆடணும். டைட் வெச்சா அந்த ஆட்டம் போயிடும். அப்புறம் நீங்க லிவரை விட்டாலும் கிளட்ச் பாதி அழுந்தினபடியே இருக்கும், எப்படிப் பிடிக்கும்? இதுல நிறைய பேர் தலைகீழா நினைக்கிறாங்க. கேபிள் நீண்டா லிவர்ல ஆட்டம் அதிகமாகும். பிளேட் தேஞ்சா ஆட்டம் குறையும். அடிக்கடி கேபிளை லூஸ் பண்ண வேண்டி வந்திருந்தா, உள்ள பிளேட் தேய்ஞ்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

கடைசியா ஒரு கேள்வி. ஆயில் என்ன ஊத்தினீங்க? மறைக்காம சொல்லுங்க.

புல்லட் ராசு:
ஸ்பேனர் அண்ணன் சொன்னதுக்கு மேல ஒண்ணு. என்கிட்ட இருக்குறது காஸ்ட் அயர்ன் இன்ஜின் வெச்ச பழைய புல்லட். அதுல கிக்கர் உதை கியர்பாக்ஸ்லருந்து கிளட்ச் வழியாத்தான் இன்ஜினுக்குப் போகும். ஒருநாள் உதைச்சா கால் சொய்ங்குனு இறங்குது, இன்ஜின் சுத்தவே இல்ல. கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள்ள அழுத்தம்) போச்சுன்னு ஒரு வாரம் தூங்கல. பாத்தா கிளட்ச் வழுக்குது. யமஹா ஆர்எக்ஸ் 100காரங்க இதை நம்பி ஏமாறாதீங்க. அதுல உதை கிளட்ச்சைத் தொடாமலே இன்ஜினைச் சுத்தும், கிளட்ச் செத்தாலும் உதை நல்லாத்தான் இருக்கும்.

காரவள்ளிக்காரன்:
சொல்லவே வெக்கமா இருக்கு. மாமா காருக்கு வாங்கின ஆயில் ஒரு லிட்டர் மிச்சம் இருந்தது, வீணாகுதேன்னு ரெண்டு மாசம் முன்ன ஊத்தினேன். லிவர்ல ஆட்டம் சுத்தமா இல்ல. நாலாவது கியர் சோதனையில சத்தம் நீங்க சொன்ன மாதிரியே தாவுச்சு.

பழைய ஸ்பேனர்:
அதானே பாத்தேன். கார்ல கிளட்ச் வெளியில காய்ஞ்சு கிடக்கும். நம்ம வண்டியில கிளட்ச் இன்ஜின் ஆயில்லயே குளிக்குது. கார் ஆயில் பலதுல வழுக்கலுக்குன்னே மருந்து கலந்திருப்பாங்க. டப்பாவுல 10டபிள்யூ30 (ஆயிலோட கெட்டித்தன்மை), ஜாசோ எம்ஏ (ஆயில்ல குளிக்கிற பைக் கிளட்ச்சுக்கு ஒத்து வரும்னு சொல்ற முத்திரை) ரெண்டும் இருக்கானு பாத்து வாங்குங்க. முதல்ல ஆயிலை மாத்தி, கேபிளை சரியா வெச்சு 200 கிலோமீட்டர் ஓட்டுங்க. தப்பிச்சா லாபம். இல்லைன்னா வலது பக்க கவரைத் திறந்துதான் ஆகணும். திறந்தா நாலு விஷயம் கண்ணால பாருங்க: தேய்ப்பு பிளேட்டை புதுசோட சேர்த்துப் பிடிச்சு கனம், இரும்பு பிளேட் சூட்டுல நீலம் பாஞ்சிருக்கா, வளைஞ்சு போய் கண்ணாடி மேல வெச்சா ஆடுதா, ஸ்பிரிங் புதுசைவிடக் குட்டையா. பிளேட்டுங்க உக்கார்ற கூடையான ஹவுசிங்கோட விரல்கள்ல பள்ளம் விழுந்திருந்தா அரத்தால லேசா வழிக்கலாம், ஆழமா இருந்தா மாத்தணும். புது பிளேட்டை மாட்டுறதுக்கு முன்னாடி ராத்திரி முழுக்க ஆயில்ல ஊற வைங்க. "அவசரம் சார்"னு காய்ஞ்ச பிளேட்டை மாட்ட விடாதீங்க.

காரவள்ளிக்காரன்:
திரும்ப வந்துட்டேன். ஆயில் மாத்தினதுல பாதி சரியாச்சு, ஆனா ஆள் உக்காந்தா மேம்பாலத்துல மறுபடி சத்தம் தாவுச்சு. சனிக்கிழமை திறந்தோம். வடிச்ச ஆயில்ல கருகின வாடை. இரும்பு பிளேட் ரெண்டுல மயில் கழுத்து நீலம். பழைய ஸ்பிரிங்கை புதுசு பக்கத்துல நிறுத்தினா தீக்குச்சி மருந்து அளவு குட்டை. ஹவுசிங் நல்லா இருந்தது. கவர் திறந்ததோட ஆயில்ல இருக்குற அழுக்கை வடிகட்டுற வலையையும் கழுவியாச்சு, அடியில சாந்து மாதிரி அப்பியிருந்தது. பிளேட், ஸ்பிரிங், கேஸ்கெட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய்.

நேத்து தனியா மலை ஏறிப் பாத்தேன், 70 வளைவும் நிறுத்தாம. மைலேஜ் ரெண்டு டேங்க் ஓட்டிட்டு சொல்றேங்க.