பொங்கலுக்கு முன் நான்கு நாள் தண்ணீர் இல்லை. கட்சிகளிடம் எதைக் கேட்பது?

பிறை பலகாரக்கடை:
மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறையில் சின்னதாகக் காலைப் பலகாரக் கடை வைத்திருக்கிறேன். 2024 ஜனவரி 10 முதல் 14 வரை சுங்கை டுவா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றுவதற்காகத் தண்ணீரை நிறுத்தினார்களே, நினைவிருக்கிறதா? மறுநாள் பொங்கல். அரிசி ஊறப்போடுவதற்குக் கூட வாளியை எண்ண வேண்டியிருந்தது. மூன்று நாள் கடையை மூடிவிட்டேன்.

வால்வு பழசானால் மாற்றித்தான் ஆகவேண்டும். அதில் எனக்குக் கோபமில்லை. அந்த நாள்களில் என் மகள் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. நாம் குடிப்பதில் ஏறக்குறைய 80 விழுக்காடு சுங்கை மூடா ஆற்றுத் தண்ணீராம். அதற்கு ஊற்றாக இருக்கும் உலு மூடா காடு பக்கத்து மாநிலமான கெடாவில் இருக்கிறதாம். அங்கே மரம் வெட்டுவதைப் பற்றிப் பல வருடமாகச் சர்ச்சை ஓடுகிறதாம். 52 வயது வரைக்கும் எனக்கு இது தெரியாது.

அதற்கு முந்தைய ஆகஸ்டில்தான் மாநிலத் தேர்தல் நடந்தது. எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இரண்டு தரப்புச் செராமாவுக்கும், அதாவது பிரசாரக் கூட்டத்துக்கும், போயிருந்தேன். சாக்கடை, தெருவிளக்கு, கோயில் மானியம், யார் யாருக்குத் துரோகம் செய்தார்கள் என்ற கதை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருவர்கூடப் பேசவில்லை. பிறகு ஒரு கட்சியின் சேவை மையத்துக்குப் போய் நானே கேட்டேன். "அது கெடா விஷயம்மா. உங்கள் வீட்டுப் பக்கம் சாக்கடை அடைப்பு ஏதும் இருக்கிறதா?" என்றார்கள்.

ஓட்டுப் போடாமல் இருக்க மனம் வரவில்லை. என் அப்பா தோட்டத்திலிருந்து வந்தவர். குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு வருடக்கணக்கில் அலைந்து, குடிமகனுக்கான நீல அட்டை கைக்கு வந்த பிறகுதான் முதல் ஓட்டைப் போட்டார். அன்றைக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். அந்த ஓட்டை நான் வீணாக்க மாட்டேன். ஆனால் இவர்களிடம் எதைக் கேட்டால் நேரான பதில் வரும்? யாராவது சொல்லுங்கள்.

ஆயர் ஈத்தாம் வாசி:
அக்கா, சேவை மையத்தில் சொன்னதில் பாதி உண்மை. நம் அரசியலமைப்பில் நிலமும் காடும் மாநிலத்தின் கையில். மரத்தை வெட்டினால் கெடாவுக்கு வருமானம். வெட்டாமல் விட்டால் பயன் பெறுவது நாமும் சேர்ந்துதான். அதனால் கெடா ஆண்டுக்கு 50 மில்லியன் ரிங்கிட் கேட்டது, பினாங்கு மறுத்தது. இங்கே கெடாவைத் திட்டினால் கைத்தட்டல், அங்கே பினாங்கைத் திட்டினால் கைத்தட்டல். காட்டுக்காகப் பேசுகிறவருக்கு இரண்டு பக்கமும் ஓட்டு இல்லை.

காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு 2019 முதல் நிதி கொடுக்கிறது. 60 மில்லியனில் தொடங்கி, 2025 பட்ஜெட்டில் 250 மில்லியன் ஆனது. ஆனால் அது எல்லா மாநிலங்களும் பங்கிட்டுக்கொள்ளும் பணம். ஆகவே சட்டமன்ற வேட்பாளரை மட்டும் பிடிக்காதீர்கள். நாடாளுமன்ற வேட்பாளரிடம், "இதில் உலு மூடாவுக்கு எவ்வளவு போக வேண்டும் என்று கேட்பீர்கள்?" என்று கேளுங்கள். தொகை சொல்லட்டும்.

பாயான் லெப்பாஸ் ஷிப்ட்:
நான் 2022-ல்தான் முதல் ஓட்டுப் போட்டேன். வயது 19. பெயர் தானாகவே பதிவாகிவிட்டது. தண்ணீர் மட்டுமில்லை அக்கா, இபிஎப் (ஊழியர் சேமநிதி) பணமும் இப்படித்தான். கோவிட் காலத்தில் நான்கு தடவையில் 145 பில்லியன் ரிங்கிட் வெளியே போனது. என் அம்மாவும் எடுத்தார், வேறு வழி இருக்கவில்லை. இப்போது அவர் கணக்கில் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கக் காணாது. அம்மாவுக்கு 60 ஆகும்போது யார் பொறுப்பு என்று எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

பழைய ஜார்ஜ்டவுன்காரன்:
தங்கச்சி, இன்னொன்றையும் சேர்த்துக்கொள். ஜார்ஜ்டவுனில் 1951-லேயே நகராட்சித் தேர்தல் நடந்தது. 1965-ல் நாடு முழுக்க உள்ளாட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். பினாங்கு அதை மீட்க 2012-ல் சட்டம் கொண்டுவந்தது. 2014-ல் கூட்டரசு நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. அதனால் சாக்கடைக்குப் பொறுப்பான கவுன்சிலரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, கட்சிகள் பெயர் கொடுக்க, மாநில அரசுதான் நியமிக்கிறது. சட்டம் இயற்றப் போகிறவரிடம் சாக்கடையைப் பேசியே நம் நேரம் தீர்ந்துவிடுகிறது. செராமாவில் வாய்விட்டுக் கேட்டால் மழுப்பிவிடுவார்கள். ஒரே கேள்வியைத் தாளில் எழுதி, எல்லா வேட்பாளரிடமும் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்கு. என் அனுபவத்தில் ஐந்து பேரில் இரண்டு பேர் எழுதிக் கொடுத்தார்கள்.

பிறை பலகாரக்கடை:
அண்ணே, தம்பிகளே, நன்றி. உலு மூடா கேள்வியையே வைத்துக்கொள்கிறேன். இபிஎப் கேள்வியைத் தம்பி எழுதட்டும், அது அவன் வயசுக்காரர்கள் வாயிலிருந்து வரவேண்டும். ஆயர் ஈத்தாம் தம்பி, என் கேள்வியை மலாயில் எழுதித் தரமுடியுமா? என் மலாய் கடை வரைக்கும்தான். வருகிற பதில்களைக் கடைச் சுவரில், விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கிறேன். எழுதிக் கொடுக்காதவர்களின் பெயருக்கு நேராக இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறேன்.