லேன் எமுலேஷன்: ஒரு ஈலேன் ஓடுகிறது, இன்னொன்றில் கிளையன்ட் ஏறவில்லை

ஆய்வகக்கம்பி:
வணக்கம். எங்கள் ஆய்வகத்தில் லைட்ஸ்ட்ரீம் 1010 ஏடிஎம் (தரவைச் சிறு செல்களாக அனுப்பும் வலை முறை) சுவிட்ச் இரண்டு. அவற்றின் மேல் 'ஆபீஸ்', 'லேப்' என்று இரண்டு ஈதர்நெட் ஈலேன் (ஏடிஎம் வலையின் மேல் சாதாரண லேன் போல நடக்கும் எமுலேட்டட் லேன்). போன வாரம் முதலாவது சுவிட்சைக் கழற்றிவிட்டு அதே மாடலில் வேறொன்றை மாட்டினார்கள். அன்றிலிருந்து 'லேப்' படுத்துவிட்டது. 'ஆபீஸ்' நன்றாக ஓடுகிறது.

எல்இசிஎஸ் (எந்த ஈலேனுக்கு எந்த எல்இஎஸ் என்று சொல்லும் சர்வர்), 'ஆபீஸ்' எல்இஎஸ் (அந்த ஈலேனை நடத்தும் சர்வர்) இரண்டும் இரண்டாவது சுவிட்சோடு சேர்ந்த கேட்டலிஸ்ட் 5000-இல். 'லேப்' எல்இஎஸ்ஸும் பஸ்ஸும் (பிராட்காஸ்ட்டைப் பரப்பும் சர்வர்) முதல் சுவிட்சோடு சேர்ந்த ரூட்டரில். ரூட்டரை யாரும் தொடவில்லை. புது சுவிட்சில் எல்இசிஎஸ் முகவரி கொடுத்தாயிற்று.

ஷோ லேன் கிளையன்ட் கட்டளை போட்டால், 'லேப்' கிளையன்ட் (ஈலேனில் சேரும் சாதனம்) இனிஷியல் ஸ்டேட்டிலேயே நிற்கிறது. கடைசித் தோல்விக்குக் காரணம்: கண்ட்ரோல் டைரக்ட் விசி (கிளையன்ட் எல்இஎஸ்ஸுக்குப் போடும் இணைப்பு) விடுபட்டது. செய்முறைத் தேர்வு நெருங்குகிறது, உதவுங்கள்.

செல்53:
அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொள்ளுங்கள் சார். கிளையன்ட் முதலில் எல்இசிஎஸ்ஸிடம் "லேப் எல்இஎஸ் எங்கே?" என்று கேட்கும். கிடைத்த முகவரிக்குத்தான் கண்ட்ரோல் டைரக்ட் போடும். உங்களுக்கு அந்த இரண்டாம் படியில் அறுகிறது. எனவே 0/5 சிக்னலிங் (இணைப்பு அமைக்கும் சேனல்), 0/16 ஐஎல்எம்ஐ (சுவிட்சிடம் ப்ரீஃபிக்ஸ் வாங்கும் சேனல்) இரண்டையும் இப்போது தோண்ட வேண்டாம்.

ஏடிஎம் முகவரி 20 பைட். முதல் 13 பைட் சுவிட்ச் தரும் ப்ரீஃபிக்ஸ் (முன்பகுதி), அடுத்த 6 ரூட்டரின் ஈஎஸ்ஐ (அந்தச் சாதனத்தின் அடையாளம்), கடைசி 1 செலக்டர் (சாதனத்துக்குள் எந்தப் பகுதி என்பது). கையால் மாற்றாதவரை இந்த சுவிட்ச் தன் மேக் முகவரியைச் சேர்த்துத்தான் ப்ரீஃபிக்ஸைக் கட்டும். சுவிட்ச் மாறினால் ரூட்டரிலுள்ள எல்இஎஸ் முகவரியும் மாறிவிடும். ரூட்டரில் ஷோ லேன் டீஃபால்ட் போட்டு, எல்இசிஎஸ் டேட்டாபேஸில் உள்ளதோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள்.

ஆய்வகக்கம்பி:
ஆமாம் சார். 47.0091.81 வரை ஒன்றுதான், நடுவில் வேறாக இருக்கிறது. ஈஎஸ்ஐ மாறவில்லை.

மூன்றாம்அடுக்கு:
புது சுவிட்சுக்குப் பழைய ப்ரீஃபிக்ஸையே கையால் கொடுத்துவிடலாமே? டேட்டாபேஸைத் தொட வேண்டியதில்லை.

செல்53:
வேலை நடக்கும், ஆனால் நான் செய்யமாட்டேன். பழைய சுவிட்ச் பழுது நீங்கித் திரும்ப வந்தால் ஒரே ப்ரீஃபிக்ஸில் இரண்டு சுவிட்ச் நிற்கும்; பிஎன்என்ஐ (சுவிட்சுகளுக்கு இடையே வழி கண்டுபிடிக்கும் முறை) குழம்பும். டேட்டாபேஸில் 'லேப்' வரியைத் திருத்துங்கள். காப்பு எல்இசிஎஸ் இருந்தால் அதிலும் அப்படியே. இரண்டு டேட்டாபேஸும் ஒன்றாக இருந்தே தீரவேண்டும்.

ஆய்வகக்கம்பி:
திருத்தியதும் கிளையன்ட் தானாகவே ஏறி ஆபரேஷனல் ஆகிவிட்டது! மிக்க நன்றி சார். காப்பு எல்இசிஎஸ் அதே ரூட்டரில் இருக்கிறது. அதிலும் திருத்திவிட்டேன்.

செல்53:
அதே ரூட்டரா? அப்படியானால் அந்தக் காப்பு எல்இசிஎஸ்ஸின் சொந்த முகவரியும் மாறியிருக்கும். இரண்டு சுவிட்சிலும் எல்இசிஎஸ் முகவரிப் பட்டியலைப் பாருங்கள். புது முகவரி இருக்க வேண்டும், வரிசையும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டலிஸ்ட் நிற்கிற அன்று இரண்டு ஈலேனிலும் புதிதாக யாரும் சேர முடியாது. தேர்வுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.