ஆர்.பி.ஏ.வுக்குத் தமிழில் என்ன பெயர்?

கோவைப் பயிற்றுநர்:

அனைவருக்கும் வணக்கம். சிறுதொழில் நடத்துவோருக்காக அறிமுகக் கையேடு ஒன்றை எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'ரோபோட்டிக் பிராசஸ் ஆட்டோமேஷன்' (ஆர்.பி.ஏ.) என்பதை 'எந்திரனியல் செயல்முறைத் தன்னியக்கம்' என்று எழுதியிருந்தேன். வகுப்பில் அதைக் கேட்ட பம்ப் உற்பத்தியாளர் ஒருவர், தம் பட்டறையில் அந்த எந்திரத்தை நிறுத்த எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டார். நான் கொடுத்த சொல்தான் அவரை அங்கே கொண்டுபோய் விட்டது.

இதில் கையும் இல்லை, சக்கரமும் இல்லை. சரக்கு அனுப்பியவர்கள் ஜி.எஸ்.டி. தளத்தில் பதிந்த பில்களைக் காட்டி, மாதந்தோறும் 14ஆம் தேதி வெளியாகும் ஜி.எஸ்.டி.ஆர். 2பி அறிக்கையைக் கணக்கர் இறக்கி, கொள்முதல் பதிவேட்டிலுள்ள ஒவ்வொரு பில்லோடும் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றைத் தனியே குறித்து, சரக்கு அனுப்பியவருக்கு மின்னஞ்சல் எழுதுகிறார். அதே திரைகளில் அதே பொத்தான்களை அதே வரிசையில் ஒரு மென்பொருள் அழுத்தினால் அதுவே ஆர்.பி.ஏ. ஏற்கெனவே உள்ள கணக்கு மென்பொருளை மாற்ற வேண்டியதில்லை என்பது இதன் வசதி. திரையின் அமைப்பு மாறினால் திகைத்து நின்றுவிடும் என்பது இதன் குறை. இதைக் காட்டும் சொல் வேண்டும்.

தமிழாசிரியர்:

'தன்னியக்கம்' என்று எழுதியது சரி. சிலர் 'தானியக்கம்' என்று எழுதுகிறார்கள். 'தான்' வேற்றுமைப் புணர்ச்சியில் நெடுமுதல் குறுகித் 'தன்' ஆகும். 'தானியங்கி'யில் அது எழுவாயாக நிற்பதால் குறுகவில்லை.

'ரோபோ'வின் வேரையும் பார்க்க வேண்டும். காரெல் சாபெக் 1920இல் எழுதிய நாடகத்தின் வழியே பரவிய அச்சொல், கட்டாய உழைப்பைக் குறிக்கும் 'ரொபோட்டா' என்னும் செக் சொல்லிலிருந்து வந்தது. சோழர் கல்வெட்டுகளில் கூலியில்லாக் கட்டாய உழைப்புக்கு 'வெட்டி' என்று பெயர். அங்கே ரொபோட்டா, இங்கே வெட்டி! ஆனால் 'வெட்டி வேலை' இன்று பயனற்ற வேலையாகிவிட்டதால் அதைக் கையேட்டில் வைக்க முடியாது. எனவே 'ஏவல்' என்னும் சொல்லை எடுத்து, 'பாட்' (bot) எனப்படும் அந்த மென்பொருளை 'ஏவலி' என்றும், முறையை 'ஏவல்வழிப் பணி' என்றும் அழைக்கலாம்.

மென்பொருள் பொறியாளர்:

ஐயா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் நான் பணிபுரிந்த அலுவலகங்கள் எல்லாவற்றிலும் 'பாட்' என்றே சொல்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு அது நின்றுபோனால், 'ஏவலி நின்றுவிட்டது' என்று யாரும் எவரையும் எழுப்ப மாட்டார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் 'பாட்' என்பதைத் 'தானியங்கி' என்கிறார்கள்; வணிகருக்கோ அச்சொல் வங்கியின் பணப்பொறியையே நினைவூட்டும். 'ரோபோட்டிக்' என்பது இத்தகைய மென்பொருளை விற்கும் புளூ பிரிசம் நிறுவனத்தார் 2012 வாக்கில் பரப்பிய விற்பனைப் பெயரின் ஒரு பகுதி. அதை நாம் சுமக்க வேண்டியதில்லை. 'திரைப்பணித் தன்னியக்கம்' என்று சொல்லிப் பார்க்கலாமா?

மொழிபெயர்ப்பாளர்:

'திரைப்பணி' என்றால் என் அம்மா சினிமா வேலை என்றுதான் எண்ணுவார். 'பணிமுறைத் தன்னியக்கம்' போதும்.

தமிழாசிரியர்:

எளிமைக்காக விட்டுக்கொடுக்க நான் அணியமாக இருக்கிறேன். பொருளை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. 'செயப்படுபொருளைச் செய்தது போலத் தொழிற்படக் கிளத்தலும்' வழக்குதான் என்கிறது தொல்காப்பியம்; அதாவது, செய்யப்பட்ட பொருளே செய்ததுபோலச் சொல்வதும் உண்டு. 'திண்ணை மெழுகிற்று' என்று உரையாசிரியர் காட்டுவார். மெழுகியவள் அத்தொடரில் இல்லை. 'தன்னியக்கம்' என்றவுடன் நம் வணிகரும் 'பில் பதிந்தது, வரி கட்டியது' என்று சொல்லப் பழகிவிடுவார். விதியைத் தவறாக எழுதிக் கொடுத்தால் மனிதர் ஒரு முறை செய்யும் பிழையை மென்பொருள் ஆயிரம் முறை செய்யும். அதற்கு வரித்துறையிடம் விடை சொல்ல வேண்டியவர் அதை ஏவியவரே. 'ஏவலி' என்ற சொல்லில் அவர் மறையாமல் இருக்கிறார்.

மென்பொருள் பொறியாளர்:

இதை நான் எண்ணிப் பார்த்ததில்லை, ஐயா. இருந்தாலும் சொல் செய்ய வேண்டியதைக் கையேட்டின் ஒரு பத்தி செய்துவிடும் என்றே கருதுகிறேன்.

கோவைப் பயிற்றுநர்:

இன்று புதன்கிழமை. பெரும்பாலோர் கருத்தின்படி முறைக்குப் 'பணிமுறைத் தன்னியக்கம்' என்றும், மென்பொருளுக்குப் 'பாட்' என்றும் வைத்துக்கொள்கிறேன். பொறுப்பு யாருடையது என்பதற்கு ஐயா சொன்ன திண்ணை எடுத்துக்காட்டோடு ஒரு பத்தி சேர்த்துவிட்டேன். ஊழியர் அருகிலிருந்து தொடங்கும் 'பாட்' மென்பொருளுக்கு 'உடனிருப்புப் பாட்' என்றும், குறித்த நேரத்தில் தானே தொடங்கி ஓடுவதற்கு 'ஆளில்லாப் பாட்' என்றும் எழுதியிருக்கிறேன். பின்னதற்குப் புறநானூற்றின் 'வலவன் ஏவா வான ஊர்தி'யை நினைத்து 'ஏவாப் பாட்' எனலாம் என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார்.

தமிழாசிரியர்:

அந்த வான ஊர்தியை ஓட்டப் பாகன் இல்லை. இதற்கு நேரம் குறித்து ஏவியவர் இருக்கிறார். ஆகவே 'ஏவா' பொருந்தாது, 'ஆளில்லா'வும் பொருந்தாது. பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். 'ஏவலி'யை அடிக்குறிப்பிலாவது சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.